மரவட்டைக் குஞ்சுகள் வாரந்தோறும் குறைந்துகொண்டே வருகின்றன: வளர்ப்பில் எங்கே தவறு?

கொல்லைமண் (தாம்பரம்) | ஜனவரி 9

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஐப்பசி மழையின்போது எங்கள் வீட்டு மதிற்சுவரில் ஊர்ந்துகொண்டிருந்த செந்நிற மரவட்டைகளில் ஆறினைப் பிடித்து, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் நானும் என் மகளும் வளர்த்து வருகிறோம். எங்கள் தெருப் பிள்ளைகள் இவற்றை ரயில் பூச்சி என்பார்கள். மார்கழித் தொடக்கத்தில் மண்ணைக் கிளறிப் பார்த்தபோது, வெள்ளை நூலைத் துண்டுதுண்டாக நறுக்கிப் போட்டதுபோல் குஞ்சுகள் நெளிந்துகொண்டிருந்தன. பூதக்கண்ணாடி வைத்து எண்ணினோம், 43 இருந்தன. அடுத்த வாரம் 31 ஆயின. நேற்று எண்ணியபோது 12 மட்டுமே அகப்பட்டன. அவற்றில் இரண்டு வெளுத்துச் சுருண்டு இறந்து கிடந்தன. மற்றவற்றின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

பெட்டியின் நிலையைச் சொல்லிவிடுகிறேன். அடியில் 5 செ.மீ. உயரத்துக்குத் தென்னைநார்க் கழிவு உள்ளது. அதன்மேல் எங்கள் வாசல் வேம்பின் சருகுகளைப் பரப்பியிருக்கிறேன். வெள்ளரித் துண்டும் கேரட்டும் உணவாக வைக்கிறேன். காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கிறேன். வாரம் ஒருமுறை மண்ணைச் சலித்துப் புழுக்கைகளைப் பிரித்தெடுத்து ரோஜாத் தொட்டியில் கொட்டிவிடுவேன். ஓடு உறுதிப்படுவதற்காக வெற்றிலைச் சுண்ணாம்பைக் கொஞ்சம் கலக்கலாம் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார், இன்னும் கலக்கவில்லை. என் மகள் நாள்தோறும் பெட்டியைத் திறந்து பார்த்து வருந்துகிறாள். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

உளுத்தகட்டை (கோயம்புத்தூர்) | ஜனவரி 9

சகோதரிக்கு வணக்கம். முதலில் அந்தச் சுண்ணாம்பை ஒதுக்கி வைத்துவிடுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு கடுங்காரம் உடையது. ஈரமான மண்ணில் அது மென்தோல் கொண்ட குஞ்சுகளைப் பொசுக்கிவிடும். மரவட்டையின் ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து தேவைதான், ஏனெனில் அந்த ஓடு கால்சியம் கார்பனேட்டால் இறுகுகிறது. ஆனால் அதற்குக் கழுவி உலர்த்திப் பொடித்த முட்டை ஓடு போதும். நாட்டு மருந்துக் கடைகளில் கடல்நுரை என்ற பெயரில் கிடைக்கும் கணவாய் ஓட்டையும் சுரண்டித் தூவலாம்.

இரண்டாவதாக, நீங்கள் சலித்துக் கொட்டிய புழுக்கைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் வளர்ப்பது பெரும்பாலும் டிரிகோனியூலஸ் கொராலினஸ் என்னும் இனமாக இருக்கும்; தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மழைக்காலத்தில் மதில்களிலும் மரங்களிலும் ஏறும் செம்பழுப்பு மரவட்டை அதுவே. இந்த வகையைச் சேர்ந்த தாய் மரவட்டை முட்டைகளைக் குவியலாக இட்டுவிட்டுப் போவதில்லை. ஒவ்வொரு முட்டையையும் அரைத்த மண்ணால் பூசி உருண்டையாக்கி வைக்கிறது. அந்த உருண்டையையும் புழுக்கையையும் வெறுங்கண்ணால் பிரித்தறிவது அரிது. எனவே சலித்தெடுத்தவற்றில் முட்டைகளும் போயிருக்கக் கூடும். முட்டைகள் இல்லாவிட்டாலும் புழுக்கை கழிவன்று. பெரியவற்றின் குடலில் இலையை மக்கச் செய்யும் நுண்ணுயிரிகள் குஞ்சுக்குப் புழுக்கையின் வழியாகவும் வந்து சேர்கின்றன. பெரியவையும் தம் புழுக்கையை மீண்டும் தின்கின்றன. அதை அகற்றுவது குஞ்சின் முன்னிருந்து சோற்றை எடுப்பதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது காரணம்தான் எல்லாவற்றிலும் பெரியது என்று நினைக்கிறேன். மரவட்டைக் குஞ்சு பிறக்கும்போது முழு உருவோடு பிறப்பதில்லை. முட்டை பிளந்ததும் காலில்லாத ஒரு நிலையில் சற்றே கிடந்து, பிறகு மூன்று ஜோடிக் கால்களோடும் மிகச் சில வளையங்களோடும் நடக்கத் தொடங்குகிறது. அதன்பின் ஒவ்வொரு முறை தோலுரிக்கும்போதும் வால் முனைக்குச் சற்று முன்னால் புதிய வளையங்கள் தோன்றுகின்றன. முதலில் காலின்றித் தோன்றும் அவ்வளையங்களுக்கு அடுத்த தோலுரிப்பில் கால்கள் முளைக்கின்றன. தலையை அடுத்துள்ள சில வளையங்கள் நீங்கலாக, மற்ற ஒவ்வொன்றிலும் இரண்டு ஜோடிக் கால்கள் அமைவதற்கு இப்படிப் பல தோலுரிப்புகள் வேண்டியிருக்கின்றன. ஒவ்வொரு முறையும் குஞ்சு மண்ணுக்குள் இறங்கி, தன் உடலளவுக்கு ஒரு சிறு அறை கட்டி, அதற்குள் சுருண்டு அசையாமல் கிடக்கும். பழைய தோல் கழன்று புதிய ஓடு இறுகும்வரை விரல் நுனி பட்டாலும் அதன் உடல் கிழிந்துவிடும். நீங்கள் வாரந்தோறும் எண்ணுவதற்காகக் கிளறிய கிளறல் ஒவ்வொன்றும் அத்தகைய அறைகளை இடித்திருக்கும். வெளுத்துச் சுருண்டு கிடந்த இரண்டும் அநேகமாகத் தோலுரித்துக்கொண்டிருந்தவையே.

ஆகவே எண்ணுவதை நிறுத்துங்கள். காணாமற்போனவை எல்லாம் இறந்தவை என்று இப்போதே முடிவுகட்ட வேண்டாம். குஞ்சுக்கென்று வேறாகச் செய்யும் பராமரிப்பு மிகக் குறைவு. நல்ல மண்ணை ஒருமுறை சரியாக அமைத்துவிட்டால், அதற்கு உணவும் இருப்பிடமும் ஈரமும் அந்த மண்ணிலிருந்தே கிடைத்துவிடும்.

கண்டிமழை (கண்டி) | ஜனவரி 10

வணக்கம் அக்கா. ஐயா சொன்ன புழுக்கை விடயத்தை நானும் பட்டுத்தான் அறிந்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, துப்புரவாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில், எங்கள் தோட்டத்து உக்கிய இலைகளை எல்லாம் அடுப்பில் நன்றாக வறுத்து ஆறவைத்துப் பெட்டியில் இட்டேன். பெரிய மரவட்டைகள் எவ்விதக் குறையுமின்றி இருந்தன. ஆனால் அந்த மண்ணில் பிறந்த குஞ்சுகளில் ஒன்றுகூட ஒரு மாதம் தாண்டவில்லை. அடுத்த முறை வறுக்காத இலையையும், பழைய பெட்டி மண்ணில் இரண்டு கைப்பிடியையும் கலந்து வைத்தேன், குஞ்சுகள் தேறிவிட்டன.

தென்னைநார்க் கழிவு ஈரத்தைப் பிடித்து வைக்குமே தவிர, அதில் இவற்றுக்கு உணவு இல்லை. மேலே வைக்கும் வெள்ளரிக்காயைத் தேடி வரும் வலிமை பெரியவற்றுக்கு உண்டு. நூல் போன்ற குஞ்சுக்கு அது இல்லை. அது தான் இருக்கும் இடத்திலேயே வாயைத் திறந்து தின்ன வேண்டும்.

தேம்ஸ்கரை (இலண்டன்) | ஜனவரி 10

நான் வளர்ப்பது கிழக்கு ஆப்பிரிக்காவின் பெரிய மரவட்டையான ஆர்க்கிஸ்பைரோஸ்ட்ரெப்டஸ் ஜைகஸ். முழுதாக வளர்ந்தால் 30 செ.மீ.யையும் தாண்டும் இனம் அது. அளவு வேறுபட்டாலும் குஞ்சு வளர்ப்பின் முறை பெரிதும் ஒன்றே என்பதால் இரண்டு செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

குஞ்சுகளைக் கண்டவுடன் அவற்றைத் தனிப் பெட்டிக்கு மாற்றவே பலரும் முனைகிறார்கள். குஞ்சுகளை அவை பிறந்த மண்ணிலேயே விட்டுவிட்டு, பெரியவற்றைத்தான் வேறு பெட்டிக்கு மாற்ற வேண்டும். பெரியவை மண்ணைத் துளைத்துச் செல்லும் வழியில் தோலுரிக்கும் குஞ்சின் அறை இருந்தால் அதை உடைத்துக்கொண்டு போய்விடும். வேண்டுமென்று செய்வதில்லை, அவற்றுக்கு அது தெரியாது. பெரியவற்றைக் கையால் எடுப்பது எளிது; குஞ்சைச் சிதைக்காமல் எடுப்பது மிகக் கடினம்.

மற்றொன்று வெப்பம். எங்கள் ஊர்க் குளிரில் சூடாக்கும் விரிப்பு இல்லாமல் முடியாது. அதைப் பெட்டியின் அடியில் வைத்த ஒரு குளிர்காலத்தில் எனக்குப் பெரும் இழப்பு நேர்ந்தது. மரவட்டை தன்னைக் காத்துக்கொள்ளக் கீழ்நோக்கித்தான் இறங்கும். கீழேயே சூடு இருந்தால் அது எங்கே போகும்? அதன் பிறகு விரிப்பைப் பக்கச் சுவரில், மண் மட்டத்துக்கு மேலே பொருத்தி, 24 முதல் 27 பாகை செல்சியஸ் வரை வைத்திருக்கிறேன். தாம்பரத்தில் உங்களுக்கு இதற்கு நேர்மாறான சிக்கல் சித்திரையில் வரும் என்று எண்ணுகிறேன்.

கொல்லைமண் | ஜனவரி 11

மூவருக்கும் மிக்க நன்றி. புழுக்கையோடு முட்டைகளையும் கொட்டியிருப்பேனோ என்று நினைக்க நினைக்க மனம் கனக்கிறது. இனிக் கிளறுவதில்லை என்று மகளுக்கும் சொல்லிவிட்டேன். புதிய மண்ணை எப்படி அமைப்பது? பழைய மண்ணில் இன்னும் குஞ்சுகள் இருக்கக் கூடும் என்பதால் அதைக் கொட்டவும் அஞ்சுகிறேன். வேப்பஞ்சருகு சரிதானா என்பதையும் தெளிவுபடுத்துங்கள்.

உளுத்தகட்டை | ஜனவரி 11

பழைய மண்ணைக் கொட்ட வேண்டாம். சற்றே உயரமான பெட்டி ஒன்றில் புதிய கலவையை 8 செ.மீ. அளவுக்கு இட்டு, அதன் மேல் பழைய மண்ணை அப்படியே, கட்டி உடையாமல், தோசையைப் புரட்டாமல் எடுத்து வைப்பதுபோல் மெல்ல இறக்கிவிடுங்கள். குஞ்சுகள் தாமாகவே கீழிறங்கி நல்ல மண்ணைக் கண்டுகொள்ளும். மண்ணின் மொத்த ஆழம் வளர்ந்த மரவட்டையின் நீளத்துக்குக் குறையாமல், கூடுமானால் இருமடங்காக இருக்கட்டும். அதற்கு 12 செ.மீ. நல்ல அளவு.

கலவையில் பாதிக்கு மேல் இலைமக்கு இருக்க வேண்டும். மரத்தடியில் மேலே கிடக்கும் காய்ந்த சருகன்று; அதற்கும் அடியில், கறுத்து, ஈரம் ஊறி, கையில் எடுத்தால் நரம்பு மட்டும் நிற்கும் நிலையில் உள்ள இலையே குஞ்சுக்கு ஏற்றது. நான் மா, பலா, நாட்டு வாதுமை ஆகியவற்றின் இலைகளைச் சேர்க்கிறேன். மற்றொரு பங்கு உளுத்த கட்டை: வெளுத்து, விரலால் அழுத்தினால் பஞ்சுபோல் அமுங்கி உதிர வேண்டும். முருங்கை விரைவில் உளுத்துப்போவதால் எங்கள் பக்கத்தில் எளிதாகக் கிடைக்கிறது. மீதிக்கு உரமும் மருந்தும் படாத தோட்டத்து மண், இரண்டு கைப்பிடி முட்டையோட்டுப் பொடி. இவ்வளவுதான். சவுக்கு, தைலமரம் போன்றவற்றின் சருகுகளை நான் எடுப்பதில்லை. பைன் போன்ற பிசின் மரங்களையும் வளர்ப்போர் தவிர்ப்பார்கள்.

வேம்பு வேண்டாம். வேம்பில் உள்ள அசாடிராக்டின் பூச்சிகளின் தோலுரிப்பைக் குலைப்பதாலேயே அது பயிர்ப் பாதுகாப்பில் பயன்படுகிறது. மரவட்டை பூச்சியினம் அன்று என்றாலும், தோலுரித்து வளரும் கணுக்காலி இனம்தான். வாழ்நாளெல்லாம் தோலுரிப்பை நம்பியிருக்கும் ஓர் உயிரின் உணவில் அதைக் கலந்து பார்க்க எனக்கு மனம் வரவில்லை. கொசு மருந்துப் புகை அடிக்கும் தெருவோர மரங்களின் சருகையும் எடுக்காதீர்கள்.

ஈரத்தைப் பற்றி ஒரு சொல். மரவட்டையின் ஓட்டின்மேல் பூச்சிகளுக்கு உள்ளதுபோல் நீரைக் காக்கும் மெழுகுப் படலம் செம்மையாக இல்லை. அதனால் வறண்ட இடத்தில் விரைவில் வாடிவிடும். அதே நேரத்தில் அது வளையங்களின் ஓரத்திலுள்ள நுண்துளைகளால் மூச்சுவிடுவதால் நீர் தேங்கிய மண்ணில் மூச்சுத்திணறிச் சாகும். இருவேளைத் தெளிப்பு மிகை. மண்ணைப் பிடித்துப் பிசைந்தால் கொழுக்கட்டைபோல் நிற்க வேண்டும். நீர் சொட்டக் கூடாது. பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் சற்று அதிகமாகத் தண்ணீர் விட்டு, மறுபக்கத்தை அதைவிட உலர்வாக விட்டால், வேண்டிய இடத்தை அவையே தேர்ந்துகொள்ளும்.

தேம்ஸ்கரை | ஜனவரி 12

ஐயா சொன்னவற்றில் ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். வெளியிலிருந்து எடுத்த இலைமக்கை எதுவும் செய்யாமல் குஞ்சுப் பெட்டியில் இடுவது ஆபத்து. நான் ஒருமுறை அப்படிச் செய்தபோது அதனுடன் பூரான் குஞ்சு ஒன்று வந்துவிட்டது. மூன்று மாதம் கழித்து அதைக் கண்டுபிடித்தபோது அது நன்கு கொழுத்திருந்தது. மரவட்டைக் குஞ்சு ஒன்றுகூட மிஞ்சவில்லை. இலையைச் சூடாக்கிக் கிருமி நீக்குவதே பாதுகாப்பு.

கண்டிமழை | ஜனவரி 12

அண்ணா, பூரானின் ஆபத்தை நான் மறுக்கவில்லை. வெப்ப நாடுகளில் மரவட்டையையே வேட்டையாடும், மூட்டைப்பூச்சிக்கு உறவான பூச்சி இனங்களும் உண்டு. அவற்றின் சிவந்த குஞ்சுகள் சருகோடு வந்துவிடும். ஆனால் சூடாக்கினால் கொல்லப்படுவது பூரான் மட்டுமன்று. இலையை உணவாக்கித் தரும் பூஞ்சையும் பாக்டீரியாவும் அழிந்துவிடுகின்றன. என் குஞ்சுகள் ஒரு மாதத்தில் மடிந்ததற்கு அதுவே காரணம் என்று நம்புகிறேன்.

உளுத்தகட்டை | ஜனவரி 12

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தம்பி இழந்ததைப் போலவே நானும் எறும்பால் ஒரு பெட்டியை இழந்திருக்கிறேன். இப்போது நான் கடைப்பிடிக்கும் முறை இது. இலையையும் கட்டையையும் ஒரு வாளி நீரில் ஒரு நாள் மூழ்க வைக்கிறேன். எறும்பும் பூரானும் பெரும்பாலும் மேலே வந்துவிடும். வடித்தபின் நெகிழிப் பையில் கட்டி ஐஸ்பெட்டியின் உறைநிலைப் பகுதியில் ஒரு வாரம் வைத்துவிடுகிறேன். உறைகுளிரில் பூரான் பிழைப்பதில்லை. பூஞ்சை வித்துகளும் பாக்டீரியாக்களும் பலவும் பிழைத்துக்கொள்கின்றன. கட்டைகளை உடைத்து உள்ளே பார்த்த பின்பே உறைய வைக்கிறேன். இறுதியாகப் பெரியவை வாழ்ந்த பெட்டியின் புழுக்கை மண்ணைக் கலக்கிறேன். வறுத்தல், வேகவைத்தல் இரண்டையும் விட்டுவிட்டேன்.

தேம்ஸ்கரை | ஜனவரி 13

உறைய வைத்தலை ஏற்றுக்கொள்கிறேன். என் பெட்டிக்கும் இனி அதையே செய்து பார்க்கிறேன்.

ஈரச்சருகு (நாகர்கோவில்) | ஜனவரி 20

மகள் இருப்பதாகச் சகோதரி எழுதியிருப்பதால் ஒரு எச்சரிக்கை. இந்த இனம் அச்சுறும்போது உடலின் பக்கத் துளைகளிலிருந்து மஞ்சள் கலந்த நீரைக் கசியவிடும். அதிலுள்ள பென்சோகுவினோன்கள் தோலில் பட்டால் பழுப்புக் கறை சில நாட்கள் இருக்கும். கண்ணில் பட்டால் கடும் எரிச்சலும் புண்ணும் உண்டாகும். பெரியவற்றைத் தொட்டபின் சோப்பால் கை கழுவும்வரை முகத்தைத் தொடக் கூடாது என்று குழந்தைக்குப் பழக்குங்கள்.

பெட்டியில் துள்ளுவாலிகள், அதாவது ஸ்பிரிங்டெயில்கள், வந்தால் விரட்டாதீர்கள். பூஞ்சையைத் தின்று மண்ணைத் தூய்மையாக வைத்திருக்கும் அவை குஞ்சுகளுக்கு எவ்விதத் தீங்கும் செய்வதில்லை. பலர் அதே வேலைக்கு ஐசோபாட்கள் எனப்படும் பல கால்கள் கொண்ட சிறு ஓட்டுயிர்களையும் விடுகிறார்கள். புரதப் பசி மிகுந்த சில ஐசோபாட் இனங்கள் தோலுரித்து மென்மையாகக் கிடக்கும் குஞ்சைக் கடிக்கக் கூடும் என்பதால், குஞ்சுப் பெட்டியில் அவற்றை நான் விடுவதில்லை. காய்கறித் துண்டை இரண்டு நாளுக்கு மேல் விட்டுவைத்தால் நுண்ணுண்ணிகள் பெருகும். அதை மட்டும் அவ்வப்போது எடுத்துவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. எங்கள் மாவட்டத்திலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையேறுபவர்கள், தொட்டால் கோலிக்குண்டுபோல் உருண்டுகொள்ளும் ஆர்த்ரோஸ்ஃபேரா மரவட்டைகளைக் கண்டு ஆசைப்பட்டு எடுத்து வருகிறார்கள். அருள்கூர்ந்து அப்படிச் செய்யாதீர்கள். அவை அந்தக் காட்டு மண்ணோடு பிணைந்தவை. வீட்டுப் பெட்டியில் தேய்ந்து சாவதையே நான் பார்த்திருக்கிறேன். சரணாலயங்களிலிருந்து அனுமதியின்றி எதையும் எடுப்பது சட்டப்படியும் குற்றம். மதிலில் ஏறும் செம்மரவட்டையே வளர்க்கப் போதுமான அழகுடையது.

கொல்லைமண் | மே 6

மன்னிக்க வேண்டும், நீண்ட நாட்களாக எழுதவில்லை. புதிய மண் அமைத்து, பெரிய ஆறினையும் வேறு பெட்டிக்கு மாற்றிவிட்டேன். நான்கு மாதங்களாக ஒருமுறைகூடக் கிளறவில்லை. கத்திரி வெயில் தொடங்கிவிட்டது. நண்பகலில் பெட்டி இருக்கும் அறையில் 36 பாகை காட்டுகிறது. என்ன செய்வது?

உளுத்தகட்டை | மே 6

உடனே தரைக்கு இறக்குங்கள். அகலமான மண்தொட்டி ஒன்றில் மணலை நிரப்பி, நீர் விட்டு ஊறவைத்து, பெட்டியின் பாதி உயரம் மணலுக்குள் இருக்குமாறு புதையுங்கள். பானை நீர் குளிர்வதுபோல் தொட்டியின் வெளிப்புறம் கசிந்து ஆவியாகி மணலைக் குளிர்த்தும். வீட்டிலேயே வெயில் படாத, காற்றோட்டமுள்ள மூலை எதுவோ அங்கே வையுங்கள். மூடியின் துளைகளில் மெல்லிய துணியை ஒட்டியிருக்கிறீர்கள்தானே? குஞ்சு நுழையும் துளை நாம் நினைப்பதைவிடச் சிறியது. பெட்டிக்குள் ஐஸ் துண்டு வைக்க வேண்டாம். திடீர்க் குளிரும் அது உருகித் தேங்கும் நீரும் கேடு.

கொல்லைமண் | ஆகஸ்ட் 17

ஒரு நற்செய்தியோடு வந்திருக்கிறேன். மண்தொட்டியில் புதைத்தபின் மண்ணின் வெப்பம் 30 பாகையைத் தாண்டவில்லை. சென்ற வாரம் மாலையில் இடியோடு நல்ல மழை பெய்தது. அன்றிரவு விளக்கைச் சிவப்புத் தாளால் மூடிக்கொண்டு நானும் மகளும் பெட்டியைப் பார்த்தோம். சருகின் மேலேயும் பெட்டிச் சுவரிலும் 17 குஞ்சுகள் ஊர்ந்துகொண்டிருந்தன. வெள்ளை நூலாக இருந்தவை இப்போது தேன்பழுப்பாக, ஏறத்தாழ 2 செ.மீ. நீளத்தில் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரிந்தவற்றை மட்டுமே எண்ணினோம். மண்ணுக்குள் எத்தனை என்று தேடவில்லை.

பெட்டியின் பக்கச் சுவரை ஒட்டி, கண்ணாடி வழியே பார்ப்பதுபோல் ஒரு தோலுரிப்பு அறை தெரிகிறது. புளியங்கொட்டை அளவு வெற்றிடத்தில் ஒரு குஞ்சு வட்டமாகச் சுருண்டிருக்கிறது. முதல் மூன்று நாட்கள் பால்போல் வெளுத்திருந்தது. பிறகு வளையம் வளையமாக நிறம் ஏறியது. கழற்றிய தோலை அதுவே தின்றுகொண்டிருந்ததை நேற்று பார்த்தோம். வெளிச்சம் படாமல் அந்த இடத்தில் கறுப்புத் தாள் ஒட்டியிருக்கிறேன். நாளைக்கு ஒருமுறை ஒரு நொடி மட்டும் விலக்கிப் பார்க்க மகளுக்கு அனுமதி. மேற்கு ஆஸ்திரேலியாவில் கண்டெடுக்கப்பட்டு 2021இல் அறிவிக்கப்பட்ட யூமில்லிப்பெஸ் பெர்செஃபோனே என்னும் மரவட்டைக்கு 1306 கால்கள் உண்டு என்று எங்கோ படித்துவிட்டு, அது எத்தனை முறை தோலுரித்திருக்கும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

இறுதியாக ஒரு கேள்வி. இன்று காலை ரோஜாத் தொட்டியை நகர்த்தியபோது அடியில் ஈரம் தங்கிய இடத்தில் அதே தேன்பழுப்பு நிறத்தில், அதே அளவில், ஐந்து குஞ்சுகள் இருந்தன. மார்கழியில் நான் சலித்துக் கொட்டிய புழுக்கைகளில் இருந்த முட்டைகளிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இவற்றையும் எடுத்துப் பெட்டியில் சேர்த்துவிடலாமா?

உளுத்தகட்டை | ஆகஸ்ட் 17

படித்ததும் மனம் நிறைந்தது, சகோதரி. அவற்றை எடுக்க வேண்டாம். எட்டு மாதங்களாக அந்த மண் அவற்றுக்கு ஒத்துப்போயிருக்கிறது. தொட்டியை இருந்த இடத்திலேயே வைத்து, சுற்றிலும் கொஞ்சம் மாஞ்சருகு போட்டுவிடுங்கள். ரோஜாவுக்குப் பூச்சி மருந்து அடிப்பதை மட்டும் நிறுத்திவிடுங்கள்.